'வெளிநாட்டான்' என்று எழுதிவிட்டால் அது இனவாதம் இல்லையா?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நீதி கேட்கிறவர்களும், குடியேறி வந்தவர்களின் உரிமைக்காகப் போராடுகிறவர்களும் ஒரே ஊர்வலத்தில் போவதைச் செய்தியில் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் வேற வேற பிரச்சினைதானே, ஏன் இவங்க போட்டுக் குழப்புறாங்க?" என்று கேட்கிற ஆட்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம்ம மலையகத்திலும் இருக்கிறார்கள். ஹட்டன் டவுனில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிறார்கள், டொரொண்டோவில் இருக்கிற சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் கேட்பதுதான் வேடிக்கை. இந்த இரண்டும் எங்கே எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை, பழைய தகரப் பெட்டியில் பாட்டி சுருட்டி வைத்திருக்கும் காகிதங்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். தமிழன் என்ற சொல் கண்ணில் படாது, தோட்டத் தொழிலாளி என்று ஒரு வரியும் இருக்காது. இலங்கையில் பிறந்தவர் என்றால், அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி, எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் பிறப்புப் பத்திரம் என்ற ஒன்றே பலருக்கு இல்லாத காலம் அது. பேராதனையிலோ மாத்தறையிலோ ஒரு கிராமத்தவரிடம் யாரும் போய் "உன் தகப்பன் எங்கே பிறந்தான், காட்டு" என்று கேட்கப் போவதில்லை. கேள்வி லயத்துக்கு, அதாவது இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளுக்கு, மட்டும்தான் வந்தது. சட்டம் எல்லாருக்கும் பொது, கேள்வி மட்டும் ஒரு சிலருக்கு. ஏறக்குறைய 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள்.

அடுத்த வருஷம் 1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள். ஒன்று இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பம் போட்டு உரிமை எடுக்கலாம் என்றது; மற்றது பிரஜை இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்றது. விண்ணப்பம் போட என்ன வேண்டும்? கல்யாணம் ஆனவர் 7 வருஷமும், ஆகாதவர் 10 வருஷமும் இந்த நாட்டில் தொடர்ச்சியாக இருந்ததற்குச் சான்று வேண்டும், வருமானம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். அந்தச் சான்று யாரிடம் இருந்தது? செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு தோட்ட ஆபீஸில் இருந்தது, ஆபீஸ் தோட்டத்தை நடத்திய துரையின் கையில் இருந்தது. யாருடன் சம்பளத்துக்கும் லீவுக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்ததோ அவரிடமே போய் "நான் இங்கேதான் இருந்தேன் என்று எழுதித் தாங்க ஐயா" என்று நிற்க வேண்டும். இடையில் திருச்சிப் பக்கம் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போய் நாள் கூடத் தங்கிவிட்டால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று பேச்சு வரும். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சார்பில் விண்ணப்பம் போனது. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

சரி, இதை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லையா? போட்டார்கள். அப்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்தவருக்கும் மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. நல்ல பாதுகாப்புத்தானே? கோடகன் பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பிறகு லண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கும் போனது. 1953இல் தீர்ப்பு. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான வேலை, பிறப்பையும் வதிவையும் அளவுகோலாக வைப்பது ஒரு சமூகத்துக்கு எதிரான பாகுபாடாகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான காவல் வாசலில் நின்றது; பாகுபாடு பக்கத்துக் கதவு வழியாக, குடியுரிமை என்ற பெயரில் உள்ளே வந்தது; காவல்காரன் "இது என் பொறுப்பில் இல்லை" என்று சொல்லிவிட்டான். "தமிழனுக்கு வாக்கு இல்லை" என்று எழுதியிருந்தால் நீதிமன்றத்தில் நின்றிருக்காது. "வெளிநாட்டானுக்கு வாக்கு இல்லை" என்று எழுதினால் நிற்கும். யார் வெளிநாட்டான் என்பதை வரையறுக்கிற பேனாவும் எழுதுகிறவன் கையில்தானே இருக்கிறது.

அமெரிக்காவிலும் இந்தப் பேனா இப்படித்தான் ஓடியது, சில இடங்களில் வெட்கம் இல்லாமல் நேரடியாகவே. 1790இல் போட்ட முதல் குடியுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையர்கள் மட்டுமே விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் பிரஜைகளாக முடியாது என்றே சொன்னது. அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே பருத்தி பறித்தவர்களையும் சேர்த்துத்தான். உள்நாட்டு யுத்தம் முடிந்து 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது: இந்த மண்ணில் பிறந்தவர் இந்த நாட்டுப் பிரஜை. அடிமைகளாக இருந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நீதி செய்ய எழுதிய வரி அது.

முப்பது வருஷம் கழித்து அந்த வரி யாருக்குக் கைகொடுத்தது? சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரருக்கு. அவர் சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பி வந்தபோது, நீ பிரஜை இல்லை என்று சொல்லி இறங்க விடவில்லை. சொந்தக்காரரைப் பார்க்க இந்தியா போய் வந்ததற்காகத் தொடர்ச்சி அறுந்துபோன நம்ம ஆட்களின் கதைக்கு இது எவ்வளவு கிட்ட இருக்கிறது பாருங்கள். வித்தியாசம் என்னவென்றால், 1898இல் உச்ச நீதிமன்றம் 14ஆவது திருத்தத்தைக் காட்டி வோங் கிம் ஆர்க் பிரஜைதான் என்றது. கறுப்பின மக்கள் வென்றெடுத்த வரி இல்லாவிட்டால் அந்தச் சமையல்காரர் பிடித்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப், விசா இல்லாதவர்களுக்கும் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புவழிக் குடியுரிமை கிடையாது என்று ஆணை போட்டாரே, அவர் கை வைத்தது இந்த வரியில்தான். கறுப்பின அமைப்புகளும் குடியேறிகளின் அமைப்புகளும் அதைச் சேர்ந்து எதிர்ப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், நானும் ஆரிய வம்சம்தான், ஆகவே வெள்ளையன்தான் என்று வாதாடித் தோற்றார். இதைப் படிக்கும்போது பரிதாபமும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. அந்த வேலி தப்பு என்று அவர் சொல்லவில்லை, வேலிக்கு உள்ளே எனக்கும் ஒரு இடம் தா என்றுதான் கேட்டார். ஆசியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கதவு உண்மையில் திறந்தது 1965இல். முந்திய வருஷம்தான் சிவில் உரிமைச் சட்டம் வந்திருந்தது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். ஒக்டோபரில் நாட்டு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கிய குடிவரவுச் சட்டம். உள்ளூர்க் கறுப்பினத்தவரை நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று சட்டம் போட்ட பிறகு, வெளியிலிருந்து வருகிறவரைப் பிறந்த ஊர் பார்த்து ஒதுக்குவதை எந்த முகத்தோடு வைத்திருப்பது? இன்றைக்கு நியூ ஜெர்சியில் வீடு வாங்கியிருக்கிற தமிழர் எல்லாரும் அந்தக் கதவு வழியாகப் போனவர்கள்தான். இதை அவர்களிடம் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

வாக்கு விஷயத்தில் இரண்டு நாடுகளும் இன்னும் கிட்ட வருகின்றன. அமெரிக்க அரசியலமைப்பு எழுதிய காலத்தில், அடிமைகளுக்கு வாக்கு இல்லை, ஆனால் ஆசனங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அடிமை வைத்திருந்த மாநிலங்களுக்கு ஆசனம் கூடியது. நம்ம நாட்டில் சோல்பரி முறைப்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். தலையை எண்ணும்போது லயத்துத் தலையும் எண்ணப்பட்டது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வாக்கு பறிபோன பிறகு 1952இல் அங்கிருந்து ஒருவரும் இல்லை. ஆனால் நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்து ஆசனங்கள் அப்படியே இருந்தன; அந்தத் தொகுதிகளில் மிச்சமிருந்த சிங்கள வாக்காளர்கள் தங்கள் எண்ணிக்கையைவிடக் கூடுதலான பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் தலையைக் காட்டி வேறொருவருக்கு நாற்காலி. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, கையுயர்த்தி எதிர்க்க அந்த ஏழு பேர் இருக்கவில்லை.

இதில் வடக்குத் தமிழ்த் தலைமையின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த ஜீ.ஜீ. பொன்னம்பலம், சில மாதத்துக்குள் அமைச்சராகி, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் எதிர்த்து, பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இடதுசாரிகளும் இந்தச் சட்டங்களை எதிர்த்தார்கள். 'தோட்டக்காட்டான்' என்று ஒதுக்கிப் பேசுகிற பழக்கம் தமிழரிடமே இருந்தபோது, அவர்களுக்கு வந்தது 'இந்தியாக்காரன் பிரச்சினை' என்று ஒதுங்கிக்கொள்வது வசதியாகவே இருந்திருக்கும். இனத்துக்காக நிற்கிறேன் என்கிறவன் தன் இனத்துக்குள்ளேயே வந்தேறி யார் என்று கோடு கிழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1949க்கும் 1956க்கும் இடையிலான ஏழு வருஷம் போதும்.

தொழிலாளர் தலைவர்களும் தப்பவில்லை. 1920களில் கொழும்பில் எல்லா இனத் தொழிலாளர்களையும் சேர்த்து வேலைநிறுத்தம் நடத்திய ஏ.ஈ. குணசிங்க, உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு 1930களில் மலையாளிகள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கிளம்பினார். 1939இல் அரசு திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை நீக்க முடிவெடுத்தார்கள். அதை ஒட்டித்தான் நேரு வந்தார், இலங்கை இந்தியன் காங்கிரசும் உருவானது. அமெரிக்காவிலும் "மெக்சிக்கோகாரன் வந்து கறுப்பினத்தவரின் வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சு அடிக்கடி கிளம்பும், இன்றும் தேர்தல் மேடையில் கேட்கலாம். 2006இல் குடியேறிகளின் பெரிய ஊர்வலங்கள் நடந்த காலத்தில், ஓக்லாந்தில் சில கறுப்பின மதகுருமாரும் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து பிளாக் அலையன்ஸ் ஃபோர் ஜஸ்ட் இமிக்ரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியது இந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான். கறுப்பினத்தவரிலேயே குடியேறிகள் இருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் நினைவூட்டினார்கள். 1980இல் கியூபாவிலிருந்து படகில் வந்த ஏறத்தாழ 1,25,000 பேரை ஏற்றுக்கொண்ட நாடு, அதற்கடுத்த வருஷம் ஹெயிட்டியிலிருந்து வந்த படகுகளை நடுக்கடலில் மறித்துத் திருப்பத் தொடங்கியது. கடல் ஒன்று, படகு ஒன்று. ஒரு பக்கம் கம்யூனிச நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள் என்ற காரணம் சொல்லப்பட்டது உண்மைதான், ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கறுப்பினத்தவர்கள் என்பதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்துக் கதையும் இதே குடும்பம்தான். 1973க்கு முன் கரீபியன் நாடுகளிலிருந்து போய் அங்கே தங்கியிருந்தவர்களுக்கு இருக்கும் உரிமை சட்டப்படி உண்டு. ஆனால் கையில் காகிதம் கொடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வருஷத்துக்கும் நான்கு ஆதாரம் கொண்டு வா என்று உள்துறை அலுவலகம் கேட்டது. அவர்கள் வந்திறங்கிய அட்டைகளை 2010இல் அந்த அலுவலகமே அழித்திருந்தது. 2018இல் விஷயம் வெளியே வந்தபோது வேலை, வீடு, வைத்தியம் இழந்தவர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். செக்ரோலுக்காகத் துரை ஆபீஸ் வாசலில் நின்ற தலைமுறைக்கு இதைப் புரிய வைக்க விரிவுரை வேண்டாம்.

நாடுகடத்தல் என்றதும் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது பிரேஸ்கேர்டில். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞர், மடுல்கல பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தனம் பழக வந்தவர். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போனது, இடதுசாரிச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார், 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் மேடையேறித் துரைமாரின் அநியாயத்தைப் பேசினார். வெள்ளைக்காரனே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பேசியதைத் தோட்டச் சொந்தக்காரர்களால் தாங்க முடியவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் நாடுகடத்தல் ஆணை போட்டார். ஆள் தலைமறைவானார், பிறகு பிடிபட்டார், ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மலையகத்தில் நாடுகடத்தும் அதிகாரத்தை அரசியல் வாயடைக்கப் பயன்படுத்திய கதை என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே காலத்தில் சங்கம் சேர்த்த தொழிலாளிக்குத் துரை பற்றுச்சீட்டு (வேலைநீக்கச் சீட்டு) கொடுத்தால் குடும்பத்தோடு லயத்தைவிட்டு இறங்க வேண்டும். அவனுக்காக ஆட்கொணர்வு மனு எழுத யார் இருந்தார்? 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்துப்போனார். ஒரே மலை, ஒரே காலம், தோலின் நிறம் மட்டும் வேறு.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்கு நம்ம தலைவர்களோடு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. மேடையில் ஏறினால் "இந்த நாட்டின் பொருளாதாரத்தை முதுகில் சுமந்தவர்கள் நாங்கள், ஆகவே எங்களுக்கு உரிமை தா" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், கைதட்டலும் விழும். ஆனால் உழைத்ததற்குக் கூலியாக உரிமை என்றால், உழைக்க முடியாதவனுக்கு என்ன? கொழுந்து பறிக்காமல் கண்டி நகரத்தைக் கூட்டிப் பெருக்கிய மகியாவைப் பகுதிக் குடும்பங்களுக்கு என்ன? அமெரிக்காவிலும் "நாங்கள் கடின உழைப்பாளிகள், குற்றவாளிகள் கிடையாது" என்று சில குடியேறிகள் சொல்லும்போது, பொலிஸ் எளிதில் மறித்துக் குற்றவாளியாக்குகிற கறுப்பின இளைஞனிடமிருந்து தங்களைத் தள்ளி நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே வீதியில் வாகனத்தை மறிக்கும் பொலிசுக்கும் நாடுகடத்தும் திணைக்களத்துக்கும் இடையே தகவல் ஓடுகிறது. ஆகவே நிறத்தைப் பார்த்து மறிப்பது நிற்காமல், நாடுகடத்துவது மட்டும் நியாயமாக நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நல்ல குடியேறி, கெட்ட குடியேறி என்று பிரித்துக் கொடுத்தால் மிச்ச வேலையை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் செய்தது அந்த மிச்ச வேலையைத்தான். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் அங்கே என்றால் நாலு பேர் இங்கே என்ற விகிதம். அண்ணன் ஒரு கணக்கில், தம்பி இன்னொரு கணக்கில். கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். 1984இல் யுத்தத்தால் அந்தக் கப்பல் நின்றபோது இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2003இல் வந்த சட்டம்தான் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே இருப்பவர்களுக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் உரிமை என்றது, பத்தே நாட்களில் சுமார் 1,90,000 பேர் பதிந்துகொண்டார்கள். செக்ரோல் கேட்கவில்லை, துரையின் கடிதம் கேட்கவில்லை. மனமிருந்தால் எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தில் ஒரு பாதை போடவும் தடையாக இருந்த சட்டப் பிரிவைத் திருத்த 2018 வரை ஆனது.

நம்ம பிள்ளைகள் இப்போது வேறு நாட்டில் குடியேறித் தொழிலாளி. மஸ்கெலியாவிலிருந்தும் பசறையிலிருந்தும் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களை வேலை கொடுப்பவரோடு பிணைக்கும் கஃபாலா முறையைப் பார்த்தால், அந்தக் காலத்துத் துண்டு முறை அப்படியே ஞாபகத்துக்கு வரும். பழைய துரை துண்டு எழுதித் தராவிட்டால் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கடன் தீரவில்லை என்று சொன்னால் முடிந்தது கதை. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். கஃபாலாவில் பொதுவாக வீட்டுக்காரர் சம்மதிக்காமல் வேலை மாற முடியாது, பல வீடுகளில் பாஸ்போர்ட்டும் அவர் அலுமாரியில்தான். ஒரே வீட்டில் ஒரே வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு ஒரு சம்பளம், இலங்கைப் பெண்ணுக்கு இன்னொரு சம்பளம். இதைத் தொழிலாளர் பிரச்சினை என்று வகைப்படுத்துவதா, குடியேறிகள் பிரச்சினை என்பதா, இனப் பிரச்சினை என்பதா?

நம்மைக் 'கள்ளத்தோணி' என்று ஏசிய காலம் ஒன்று இருந்தது. 2024 டிசம்பரில் நிஜமாகவே ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைப் பக்கம் வந்தது, நூற்றுக்கு மேற்பட்ட ரொஹிங்யாக்களோடு. மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டு உதவினார்கள். அவர்களும் பிறந்த நாடான மியன்மாரில் 1982இன் குடியுரிமைச் சட்டத்தால் 'வெளியாள்' ஆக்கப்பட்டவர்கள். அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை, ஆகவே அவர்கள் இங்கே சட்டத்தின் கண்ணில் விசா இல்லாமல் வந்தவர்கள் மட்டுமே. அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். "நமக்கே இங்கே இடமில்லை, இதில் இவங்க வேறயா" என்று பேஸ்புக்கில் எழுதிய மலையகத்துப் பெயர்களையும் பார்த்தேன்.

1977இலும் 1983இலும் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கே யுத்தம் வந்து, படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போன மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் அங்கே இருக்கின்றன. இங்கே இந்தியாக்காரர் என்று எண்ணப்பட்டவர்கள், அங்கே இலங்கையிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர்கள். 2019இல் இந்தியா குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை எழுதினார்கள், ஆறு மதங்களை எழுதினார்கள். இலங்கையையும் எழுதவில்லை, முஸ்லிம்களையும் எழுதவில்லை. அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் ஊர்வலம் போனவர்கள் இந்த இரண்டு விடுபடலையும் ஒரே பதாகையில் எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களிடம் ஏன் இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.